முளைக்காத விதையெல்லாம் செத்த விதை அல்ல
(வாசகர் கேள்வி – பதில்)

முளைப்பு அறை என்று ஒன்று உண்டு. இரவும் பகலும் ஒரே வெப்பம், ஒரே ஈரம், ஓயாத விசிறிச் சத்தம். அந்த அறைக்குள் 31 ஆண்டுகள் மேய்ச்சல் பயிர்களின் விதைகளை எண்ணிக்கொண்டிருந்தவள் நான். தட்டுக்கு 100 விதை, மாதிரிக்கு நான்கு தட்டு. காலையில் எண்ணுவது, எழுதுவது, மறுநாள் மீண்டும் எண்ணுவது. ஆராய்ச்சி என்று வெளியே பெயர். உள்ளே கழுத்துவலி.

இந்த முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: விதைத்தேன், முளைக்கவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: வேலிமசால் (ஆடு மாடு தின்னும் பயறுவகைத் தீவனச் செடி) விதைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நூற்றுக்குப் பத்துகூட முளைக்கவில்லை. பொட்டலத்தில் முளைப்புத்திறன் 80 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் ஏமாற்றப்பட்டேனா, அம்மா?
– ஆடு வளர்க்கும் வாசகர்

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். விதைத்த இடத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிச் சலித்து, விதைகளைப் பொறுக்கி எடுங்கள். ஒவ்வொன்றையும் நகத்தாலோ கிடுக்கியாலோ மெல்ல அழுத்துங்கள். ஊறி, உப்பி, அழுத்தியதும் கூழாகப் பிதுங்கினால் அது செத்த விதை. மூன்று வாரம் ஈரத்தில் கிடந்தும் பொட்டலத்தில் இருந்த அதே அளவில், அதே பளபளப்போடு கல்போல நின்றால் அது உயிரோடுதான் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதற்குள் போகவில்லை, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் இதற்குக் கடின விதை என்று பெயர்.

இந்த அழுத்திப் பார்க்கும் பாடம் எனக்கு அவமானத்தோடு வந்தது. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு. முயல்மசால் என்ற இன்னொரு தீவனப் பயறின் மாதிரி ஒன்றைப் பதினான்காம் நாள் எண்ணி, முளைத்தவை 22, இறந்தவை 78 என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். என் வழிகாட்டி பதிவேட்டைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். கிடுக்கியை எடுத்து ஒரு விதையை அழுத்தினார். அது தெறித்து மேசைக்கு அப்பால் போய் விழுந்தது. “செத்தது இப்படித் துள்ளுமா?” என்று மட்டும் கேட்டார். 78 விதைகளையும் அன்றைக்கே ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். உண்மையில் செத்தவை 9. மீதி 69 கடின விதைகள். உயிரோடு இருந்த 69 பேருக்கு நான் இறப்புச் சான்றிதழ் எழுதியிருந்தேன்.

இப்போது உங்கள் பொட்டலத்துக்கு வருகிறேன். முறையான சோதனையில் முளைத்த நாற்று, கடின விதை, செத்த விதை என்று தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள். ஆனால் சிட்டையில் அச்சாகும்போது சில இடங்களில் “கடின விதை உட்பட” என்று சேர்த்துப் போடுவது வழக்கம். 80 என்பதில் 15 உடனே முளைப்பது, 65 கடினமானது என்றுகூட இருக்கலாம். அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஆடுகளுக்குத் தீவனம் இல்லாமல் நிற்பவருக்கு அது உதவாத உண்மை. அடுத்த முறை வாங்கும்போது “கடின விதை எவ்வளவு, நேர்த்தி (தண்ணீர் புகும்படி உறையைத் தளர்த்தும் வேலை) செய்தாயிற்றா?” என்று கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் நேர்த்தி செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மீதமுள்ள விதைக்கு வெந்நீர் போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, வெப்பமானி 80 டிகிரி செல்சியஸ் காட்டும்வரை காத்திருங்கள். அதன் பிறகு விதையைப் போட்டு 4 நிமிடம், மிஞ்சினால் 5 நிமிடம் கிளறிவிட்டு, வெந்நீரை வடித்துவிட்டுக் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் பெரும்பாலான விதைகள் உப்பியிருக்கும். நிழலில் ஈரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். விதையைப்போலப் பல மடங்கு தண்ணீர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விதை போட்டதுமே சூடு இறங்கிவிடும். இறக்கிய பிறகுதான் போட வேண்டும் என்பதை இரண்டு முறை சொல்கிறேன், ஏனென்றால் நானே ஒருமுறை கொதிக்கும் பாத்திரத்தில் போட்டு, ஓர் ஆண்டு கையால் சேகரித்த விதையை வேகவைத்தவள். வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விரலை விட்டுப் பார்க்கும் வீரம் வேண்டாம்.

கந்தக அமிலத்தில் நேர்த்தி செய்யலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். செய்யலாம், மூன்று நான்கு நிமிடத்தில் வேலை முடியும். ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. வீட்டில் வேண்டாம். கைப்பிடி விதைதான் என்றால் இரண்டு உப்புத்தாள்களுக்கு இடையில் வைத்து, பளபளப்பு மங்கும்வரை தேய்த்தாலே போதும்.

கேள்வி: கம்பு–நேப்பியர் ஒட்டுப்புல்லின் தரமான விதை எங்கே கிடைக்கும்?
– பால் மாடு வைத்திருக்கும் வாசகர்

பதில்: எங்கேயும் கிடைக்காது. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியர் புல்லுக்கு 28. இரண்டும் சேர்ந்து பிறந்த பிள்ளைக்கு 21. ஒற்றைப்படைக் கணக்கு என்பதால் இனச்செல் உருவாகும்போது சரிபாதியாகப் பிரிய முடியாது. கதிர் வரும், மணி பிடிக்காது. தண்டுக் கரணையோ வேர்க்கரணையோ வாங்கி நடுங்கள். விதை என்று பொட்டலம் நீட்டுகிறவர் எதை விற்கிறார் என்று எனக்கும் ஆவலாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ஒரு செடி தன் விதை முளைக்காதபடி தானே பூட்டி வைப்பது முட்டாள்தனம் இல்லையா? தண்ணீர் உள்ளே போக முடியாது என்றால், உள்ளே இருந்த தண்ணீர் முதலில் எப்படி வெளியே போனது?
– தாவரவியல் மாணவி

பதில்: இரண்டாவது கேள்விக்காகவே உனக்கு ஒரு பேனா பரிசளிக்கலாம். பல ஆராய்ச்சியாளர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

பயறுவகை விதை செடியில் பழுக்கும்போது ஈரம் ததும்ப இருக்கிறது. பிறகு உலர்கிறது. விதையுறையின் வெளியடுக்கில் குச்சிகளை நெருக்கி நிறுத்திவைத்தாற்போலச் செல்கள் அடுக்கப்பட்டு, இடையில் தண்ணீர் ஒட்டாத பொருள்கள் படிந்து, வழி முழுவதும் அடைபடுகிறது. அப்படியானால் கடைசிச் சொட்டு ஈரம் எந்த வழியாக வெளியேறியது? 1954இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ஹைட் என்ற விதை ஆராய்ச்சியாளர் இதற்கு விடை கண்டார். அவர் எடுத்துக்கொண்டவை குளோவர் முதலான மேய்ச்சல் நிலப் பயறுகள். காய்க்குள் ஒட்டியிருந்த இடத்தில் விதைக்கு ஒரு தழும்பு இருக்கும், பார்த்திருப்பாய். அந்தத் தழும்பின் நடுவில் முடிபோல ஒரு பிளவு. சுற்றியுள்ள காற்று வறண்டால் பிளவு திறக்கிறது, ஈரம் வெளியே போகிறது. காற்று ஈரமானால் பிளவு மூடிக்கொள்கிறது, ஈரம் உள்ளே வருவதில்லை. வெளியே மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவு.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பார். அந்த விதை தன் வாழ்நாளில் சந்தித்த மிக வறண்ட காற்று எதுவோ, அதற்கேற்ப உலர்ந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. பிறகு எவ்வளவு ஈரக்காற்று வந்தாலும் எடை ஏறாது. இதைப் படித்தபோது நான் நம்பவில்லை. முயல்மசால் விதைகளைச் சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடிக் கலனில் இரண்டு மாதம் வைத்து, பிறகு ஈரக்காற்றுக் கலனுக்கு மாற்றி, தினமும் காலையில் நுண்தராசில் எடை போட்டேன். நாற்பது நாள் வரை நான்காவது தசமத்தில்கூட அசைவு இல்லை. தராசு பழுதாகிவிட்டது என்று புகார் எழுதி, அதைச் சரிபார்க்க வந்தவரிடமும் திட்டு வாங்கினேன். ஒரு விதையை ஊசியால் குத்திவிட்டு வைத்தேன். மறுநாளே அதன் எடை ஏறியது. தராசின் மீதான புகாரை அன்று திரும்பப் பெற்றேன்.

முட்டாள்தனமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். நிலத்தடிக் குளோவர் என்று ஒரு செடி இருக்கிறது. மத்தியதரைக் கடல் பகுதிக்காரி. பூத்து முடிந்ததும் காம்பை வளைத்துக் காயை மண்ணுக்குள் தானே புதைத்துவிடும் குணம் உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் பார்க்கர் அருகே ஏமோஸ் ஹோவர்ட் என்ற விவசாயி 1889இல் இதைக் கவனித்தார். இது மேய்ச்சலுக்கு உதவும் என்று அவர் சொன்னபோது காது கொடுத்தவர்கள் குறைவு. பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார், விதை சேர்த்து விற்றார். தெற்கு ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்கள் மாறியதில் இந்தச் செடிக்குப் பெரிய பங்கு உண்டு. (பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது வீண் என்று சொல்பவர்களுக்காக இதைச் சேர்த்தேன்.)

அது ஓராண்டுச் செடி. கோடை வந்தால் செத்துவிடும். அடுத்த ஆண்டுக்கு விதை மட்டும்தான் மிஞ்சும். நடுக்கோடையில் வழிதவறி ஒரு மழை பெய்கிறது என்று வைத்துக்கொள். எல்லா விதையும் முளைத்துவிட்டால் பத்தே நாளில் அத்தனை நாற்றும் கருகிவிடும், அந்த நிலத்தில் அதன் வம்சமே அற்றுப்போகும். பூட்டு அதற்காகத்தான். சரி, பூட்டு எப்போது திறக்கும்? மேற்கு ஆஸ்திரேலியாவில் குயின்லிவன் என்ற ஆராய்ச்சியாளர் 1960களில் இதைத் துருவினார். கோடையில் வெறும் மண்ணின் மேற்பரப்பு பகலில் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. அதே ஏற்றஇறக்கத்தை ஒரு வெப்பப் பெட்டிக்குள் தினமும் நடத்திக் காட்டினார். வாரம் செல்லச் செல்ல விதையுறையின் பலவீனமான இடம் விட்டுக்கொடுத்து, விதைகள் தண்ணீர் குடிக்கத் தொடங்கின. வெப்பத்தை விட, வெப்பம் ஏறி இறங்கியதுதான் வேலை செய்தது. ஆக, விதை நாள் எண்ணுகிறது. கோடை கழிந்த பிறகு ஒரு பகுதி திறக்கும், இன்னொரு பகுதி அடுத்த கோடைக்குப் பிறகு, மிச்சம் அதற்கும் பிறகு.

அவர் கவனித்த இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். காய்ந்த புல்லும் சருகும் மூடிய நிலத்தில் விதைகள் மெதுவாகவே திறந்தன, ஏனென்றால் மூடிய மண்ணில் சூடு அவ்வளவு ஏறி இறங்காது. கோடையில் நிலத்தை எவ்வளவு மேய்த்து வழித்தோம் என்பதைப் பொறுத்தே மழைக்கு எத்தனை நாற்று வரும் என்பது அமைகிறது. ஆட்டின் வாய்க்கும் விதையின் உறைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று முளைப்பு அறைக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கேள்வி: நல்ல விதை தண்ணீரில் மூழ்கும், மிதப்பது பொக்கு என்று கேள்விப்பட்டு, முயல்மசால் விதையில் மிதந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். சரிதானே?
– வாசகி

பதில்: கொட்டிய இடம் நினைவிருந்தால் போய்ப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். முயல்மசால் விதை பல நேரம் கொக்கி வைத்த காயோடு வருகிறது. அந்தக் காய்க்குள் இருக்கும் காற்றுதான் மிதக்கிறது. பஞ்சு மூடிய கொழுக்கட்டைப்புல் விதையும் அப்படித்தான். மிதப்புச் சோதனை உமியோ காயோ ஒட்டாத கனத்த விதைகளுக்கு மட்டும் பொருந்தும்.

கேள்வி: கொழுக்கட்டைப்புல் விதையைச் சேகரித்து அடுத்த வாரமே விதைத்தேன். முளைக்கவில்லை. வெந்நீரில் போட்டேன். அப்போதும் முளைக்கவில்லை. இப்போது என்ன செய்வது?
– மேய்ச்சல் நிலம் திருத்தும் வாசகர்

பதில்: வெந்நீரில் போட்டீர்களா! வெந்நீர் கடின விதைக்கு மட்டும்தான் என்று முன்பே எழுதியிருக்கக் கூடாதா என்று இப்போது வருந்துகிறேன்.

இது வேறு பூட்டு. புல் விதைக்குள் தண்ணீர் தாராளமாகப் போகும். போயும் கரு எழுந்திருக்காது. புதிதாக உதிர்ந்த விதைக்குள் முளைப்பைத் தடுக்கும் வேதிச் சூழல் இருக்கிறது, சுற்றியிருக்கும் உமியும் தடுக்கிறது. உலர்ந்த இடத்தில் சும்மா கிடந்தாலே மாதக்கணக்கில் அது தானாகத் தளரும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை துணிப்பையில் போட்டு மறந்துவிடுங்கள். இதற்கு இன்னும் நல்ல வழி ஏதேனும் உண்டா என்று நான் ஐந்து ஆண்டுகள் தேடினேன். பொட்டாசியம் நைட்ரேட் கரைசல், ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி, உமி நீக்குவது எல்லாம் ஆய்வகத் தட்டில் ஓரளவு பலன் தந்தன. வயல் அளவில் மறதிதான் மலிவு.

இன்னொரு சந்தேகமும் உண்டு. நீங்கள் சேகரித்தது விதைதானா? புல்லில் நாம் விதை என்று உருவி எடுப்பது பூங்கொத்தின் ஒரு துண்டு. அதற்குள் மணி இருக்கலாம், வெறும் உமியாகவும் இருக்கலாம். பத்துப் பதினைந்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்து ஊதுங்கள். பழுப்பு நிறத்தில் சிறு மணி எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள். சாக்கு நிறையப் பஞ்சை ஏற்றிக்கொண்டு வந்து “விதை சோதிக்க வேண்டும்” என்று நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மணி இருந்தும் உயிர் இருக்கிறதா என்று ஐயம் வந்தால், டெட்ரசோலியம் என்ற உப்புக்கரைசலில் ஊறவைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. ஜெர்மனியின் லாக்கோன் 1940களில் வகுத்தது. சுவாசிக்கும் திசு சிவப்பாகும், செத்த திசு நிறமற்றே இருக்கும். உறங்குகிறதா, செத்ததா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

விதைக்கும்போது ஆழப் புதைக்காதீர்கள். மண்ணைக் கிளறி, மேலாகத் தூவி, முள்ளுக்கொத்து ஒன்றை இழுத்துவிட்டாலே போதும்.

கேள்வி: புல் அடர்ந்து நிற்கும்வரை ஒரு களைகூட இல்லை. ஒட்ட மேய்த்த பிறகு ஒரே வாரத்தில் நூறு வகை முளைக்கிறது. இவை எங்கே ஒளிந்திருந்தன? களைக்கு ஒரு மருந்தின் பெயரும் சொல்லுங்கள்.
– வாசகர்

பதில்: காலடியில்தான். அவை நிறத்தைப் படித்துக்கொண்டிருந்தன. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் கீரையின் விதையை ஈரத்தில் வைத்து ஒளி பாய்ச்சினார்கள். சிவப்பு ஒளி பட்டால் முளைத்தது. சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் தொலைசிவப்பு பட்டால் முளைக்க மறுத்தது. மாற்றி மாற்றிப் பாய்ச்சினார்கள். எத்தனை முறை மாற்றினாலும் கடைசியில் பட்ட ஒளி எதுவோ, விதை அதற்கே கட்டுப்பட்டது. பச்சை இலை சிவப்பைத் தின்றுவிட்டுத் தொலைசிவப்பைக் கீழே விடுகிறது. ஆகவே புல்லின் அடியில் கிடக்கும் சிறு விதைக்கு “மேலே ஆள் இருக்கிறது” என்ற செய்தி போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் ஒட்ட மேய்த்ததும் சிவப்பு இறங்கியது, அவை எழுந்துவிட்டன. களை வேண்டாம் என்றால் புல்லைத் தரையோடு வழிக்காமல், நான்கு விரல் உயரமாவது விட்டு மாட்டை அடுத்த பகுதிக்கு மாற்றுங்கள். மருந்தின் பெயர் கேட்டிருந்தீர்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

கேள்வி: சவுண்டல் (சூபாபுல்) மரத்தின் தழையை அதிகம் தின்றால் கால்நடைக்கு முடி கொட்டும் என்கிறார்கள். சில ஊர்களில் ஒன்றும் ஆவதில்லையாம். எது உண்மை?
– ஆடு வளர்க்கும் இன்னொரு வாசகர்

பதில்: இரண்டும் உண்மை. என் துறையில் எனக்குப் பிடித்த துப்பறியும் கதை இது. சவுண்டலில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. இரைப்பையில் அது வேறொரு பொருளாக மாறித் தைராய்டு சுரப்பியைத் தாக்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதனால் மெலிந்தன, முடி உதிர்ந்தது. ஹவாய்த் தீவுகளில் ஆடுகள் அதையே தின்று கொழுத்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற மேய்ச்சல் நில ஆராய்ச்சியாளர், செடியும் ஒன்று, ஆடும் மாடும் அசைபோடும் வகையே என்றால் வேறுபாடு வயிற்றுக்குள் வாழும் நுண்ணுயிரில்தான் இருக்க வேண்டும் என்று 1981இல் எழுதினார். பிறகு ஹவாய் ஆட்டின் இரைப்பை நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நஞ்சு அடங்கியது. அந்த பாக்டீரியாவுக்குப் பின்னாளில் சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். உங்கள் ஆட்டின் வயிற்றில் அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ஆகவே மொத்தத் தீவனத்தில் சவுண்டல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிச்ச விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?
– வாசகி

பதில்: நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத குப்பியில் மூடி வைத்தால் வைக்கலாம். ஹாரிங்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சொன்ன ஒரு தோராயக் கணக்கை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்போம்: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். உலர்த்தாத விதையைத் திறந்த பையில் போட்டுப் பெட்டிக்குள் வைப்பது, அதற்குக் குளிரில் ஈரத்துணி போர்த்துவதற்குச் சமம். வெளியே எடுத்ததும் குப்பியைத் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரட்டும். அவசரப்பட்டால் விதை வியர்க்கும்.

கேள்வி: எகிப்துப் பிரமிடில் கிடைத்த கோதுமை முளைத்ததாமே? ஒரு விதை அதிகபட்சம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? நீங்கள் ஏதாவது விதையைப் புதைத்துவைத்துக் காத்திருக்கிறீர்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: பிரமிடுக் கோதுமை கட்டுக்கதை, ஐயா. முளைத்தவை எல்லாம் யாரோ புதிதாகச் சேர்த்த மணிகள். கடின விதைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கனடாவின் யூகோன் பகுதியில் உறைந்த மண்ணில், எலி வகை ஒன்றின் பழைய வளைக்குள் கிடைத்த, லூப்பின் என்ற பயறுவகைச் செடியின் விதைகள் 10,000 ஆண்டு பழையவை, முளைத்தும்விட்டன என்று 1967இல் அறிவித்தார்கள். நான் படித்த பாடநூலிலும் அது இருந்தது, நானும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 2009இல் கார்பன் காலக்கணிப்பு செய்து பார்த்தால், வளை பழையது, விதை புதியது. 1950களில் வளைக்குள் வந்து சேர்ந்தது. என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளவும்.

உறுதியாகத் தெரிந்தது: இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டு பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்தது. மண்ணுக்குள் எவ்வளவு காலம் என்று கேட்டால் மிச்சிகனைச் சேர்ந்த பீல் என்பவரைச் சொல்ல வேண்டும். புற்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். 1879இல், 21 வகைச் செடிகளிலிருந்து வகைக்கு 50 விதை எடுத்து, மணலோடு கலந்து, 20 குப்பிகளில் போட்டு, மழைநீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் புதைத்தார். தொடக்கத்தில் ஐந்து ஆண்டுக்கு ஒரு குப்பி எடுத்தார்கள். பிறகு பத்து ஆண்டுக்கு ஒன்று, இப்போது இருபது ஆண்டுக்கு ஒன்று. 2021இல் ஒரு குப்பியைத் தோண்டியவர்கள் விடிவதற்கு முன்பே, இருட்டில், பச்சை விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு போனார்கள். மண்ணுக்குள் கிடந்த விதைக்கு வெளிச்சம் பட்டுவிடக் கூடாதல்லவா. 141 ஆண்டுக்குப் பிறகு முளைத்தவை 20. ஏறக்குறைய எல்லாம் வெர்பாஸ்கம் என்ற களை. கடின விதை உள்ள வெள்ளைக் குளோவரும் குப்பியில் இருந்தது, ஒன்றுகூட எழவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். கடைசிக் குப்பிக்கு 2100 வரை காத்திருக்க வேண்டும்.

என் சோதனை அவ்வளவு பெரியதல்ல. ஓய்வுபெற்ற மறுநாள், நேர்த்தி செய்யாத 100 வேலிமசால் விதைகளை ஒரு தட்டில் ஈரமணலில் பதித்து ஜன்னலோரம் வைத்தேன். முளைத்ததைப் பிடுங்கிவிட்டுத் தேதி எழுதுவேன். முதல் மாதத்தில் 14. அந்தக் கோடை முடிந்ததும் ஒரே வாரத்தில் 23. பிறகு எப்போதாவது ஒன்று. ஆறு ஆண்டு ஆகிறது. இன்று காலை எண்ணியபோது 31 விதைகள் மீதம் இருந்தன. நேற்று 32 இருந்தது. நாற்று எதையும் காணவில்லை, தட்டின் விளிம்பில் எறும்பு வரிசை தெரிந்தது. ஆகவே அந்த ஒன்றுக்கு எதிரே கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.